கேட்டுக்கு வெளியே இருக்கும் ரோடு

எங்கள் கம்பெனி ஷாப் ஃப்ளோரில் மஞ்சள் பெயின்ட்டில் இரண்டு கோடுகள் ஓடும். அந்தக் கோடுகளுக்கு நடுவில்தான் ஆட்கள் நடக்க வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் குறுக்கே வரும் இடங்களில் ஜீப்ரா கிராசிங். திருப்பங்களில் கூரையிலிருந்து தொங்கும் குவியாடி. வளாகத்துக்குள் எந்த வண்டியும் மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. தாண்டினால் செக்யூரிட்டி நம்பரைக் குறித்துக்கொள்வார். நடைபாதையில் ஒரு காலி டிரே கிடந்தால்கூட அந்த ஏரியா சூப்பர்வைசர் காலை மீட்டிங்கில் பதில் சொல்லியாக வேண்டும்.

ஓசூரில் மாநில அரசின் சிப்காட் தொழிற்பேட்டையில் ஓரளவு பெரிய எந்தத் தொழிற்சாலைக்குள் போனாலும் இதே ஒழுங்கைப் பார்க்கலாம். ஷிப்ட் முடிந்து பஞ்ச் அடித்துவிட்டு அதே தொழிலாளி கேட்டைத் தாண்டி நாலு அடி வைத்தால் அத்தனையும் முடிந்துபோகிறது. கோடு இல்லை, கிராசிங் இல்லை, வேகக் கட்டுப்பாடு இல்லை, நடக்க ஒரு ஓரம்கூட இல்லை. உள்ளே இரண்டு டன் ஃபோர்க்லிஃப்டிடமிருந்து அவரைக் காப்பாற்ற அவ்வளவு ஏற்பாடு. வெளியே நாற்பது டன் டிரெய்லர் அவர் தோளை உரசிக்கொண்டு போகிறது.

நடக்கிற மனிதரைக் காப்பாற்றும் வித்தை நம் தொழிற்பேட்டைகளுக்குப் புதிதில்லை. தினமும் செய்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். அதை கேட்டுக்கு வெளியே பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுவர வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் கேட்பது அவ்வளவுதான்.

நான் பாலக்கோடு பக்கத்துக் கிராமம். டிப்ளமோ முடித்த கையோடு டிரெய்னியாக ஓசூர் வந்தேன். இப்போது ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷன். டிரெய்னியாக இருந்த காலத்தில் சின்ன எலசகிரியில் ரூம் எடுத்துத் தங்கி, நடந்தே கம்பெனிக்குப் போய் வந்தேன். பிறகு வண்டி வாங்கியும் நடக்கும் பழக்கம் விடவில்லை. அதனால் இந்த ரோடுகளின் ஒவ்வொரு பள்ளமும் எனக்குக் காலால் தெரியும்.

சிப்காட்டில் யார் நடக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். பர்மனென்ட் ஆட்களுக்குப் பெரும்பாலும் கம்பெனி பஸ் உண்டு. ஸ்டாஃப் காரிலோ பைக்கிலோ வருவார்கள். நடந்து வருகிறவர்கள் காண்ட்ராக்ட் தொழிலாளர்கள், டிரெய்னிகள், அப்ரண்டிஸ் பையன்கள், ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள், கேன்டீனில் வேலை செய்பவர்கள். ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கிருந்தோ வந்து பேகேபள்ளியிலும் மூக்கண்டப்பள்ளியிலும் ஜூஜூவாடியிலும் ஒரே ரூமில் ஐந்தாறு பேராகத் தங்கியிருக்கும் வடமாநிலப் பையன்கள். சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் பெண்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அது இந்தப் பெண்கள் கையில் மாதா மாதம் நிற்கும் காசு. ஆனால் பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. அங்கிருந்து கம்பெனி கேட் வரைக்கும் இருக்கும் ஒரு கிலோமீட்டர், ஒன்றரைக் கிலோமீட்டருக்கு வழி இல்லாததால் பலர் ஷேர் ஆட்டோ ஏறுகிறார்கள். ஊரிலிருந்து இலவசமாக வந்தவர் கடைசி ஒரு கிலோமீட்டருக்குக் காசு கொடுக்கிறார்.

ரோடு பற்றி, ட்ராஃபிக் பற்றிப் பேசக் கூடும் கூட்டங்களில் இவர்கள் யாரும் உட்காருவதில்லை. அங்கே வருகிறவர்கள் காரில் வருகிறார்கள். அவர்களுக்குத் தெரியும் பிரச்சினை ஜாம். அதனால் ஒவ்வொரு முறையும் தீர்வு ரோட்டை அகலப்படுத்துவதாகவே இருக்கிறது. அகலப்படுத்தும்போது முதலில் போவது, மண்ணாகவாவது இருந்த ஓரம்.

சிப்காட்டில் நடைபாதை என்று தனியாக ஒன்று இல்லாத இடங்களில் நடைபாதையாகப் பயன்படுவது சாக்கடை ஸ்லாப். ரோட்டோரக் கால்வாயின் மேல் போட்டிருக்கும் கான்கிரீட் பலகைகள். வரிசையாக நாலு ஸ்லாப் சரியாக இருக்கும். ஐந்தாவது ஒரு பக்கம் உள்வாங்கி, கால் வைத்ததும் 'டக்' என்று ஆடும். அடுத்தது உடைந்து, உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து மேலே வளைந்து நிற்கும். அதற்கடுத்த இடத்தில் ஸ்லாபே இருக்காது. கால்வாய் தூர்வாரத் தூக்கிப் பக்கத்தில் வைத்திருப்பார்கள், திரும்ப மூட ஆள் வந்திருக்காது. தினம் போகிறவர்கள் அந்த ஓட்டைக்கு அடையாளமாக ஒரு மரக்கிளையை ஒடித்து உள்ளே நட்டுவைப்பார்கள். மழை பெய்து தண்ணீர் ரோடு மட்டத்துக்கு ஏறிவிட்டால் கிளை மட்டும்தான் தெரியும். கிளையும் அடித்துப் போய்விட்டால் எங்கே பள்ளம், எங்கே ஸ்லாப் என்று சொல்ல முடியாது. இந்த ஸ்லாப் வரிசையும் ஒரு கம்பெனி கேட் வந்ததும் நின்றுவிடும். கேட்டுக்கு முன்னால் லாரி ஏறி இறங்க ரோட்டைச் சரித்திருப்பார்கள். நடப்பவர் அங்கே கீழே இறங்கி, லாரி வழியைக் கடந்து, மறுபடி அடுத்த ஸ்லாபில் ஏற வேண்டும். கேட்டுக்குக் கேட் இதே ஏற்றம் இறக்கம். முட்டி வலிக்கார அம்மாக்கள் யாரும் இதைச் செய்வதில்லை. ரோட்டில் இறங்கி நடப்பார்கள்.

எங்கள் ஹவுஸ்கீப்பிங்கில் வேலை செய்த ஒரு அக்கா, பி ஷிப்ட் முடித்துப் போகும்போது அப்படி ஒரு ஸ்லாப் இடைவெளியில் கால் விட்டுவிட்டார். கணுக்கால் எலும்பு முறிந்து மாதக்கணக்கில் வீட்டில் இருந்தார். விழுந்த இடம் எங்கள் கேட்டிலிருந்து கூப்பிடு தூரம். கேட்டருகே 'விபத்தில்லாத நாட்கள்' என்று ஒரு போர்டு உண்டு. தினமும் காலையில் அதில் எண்ணை மாற்றுவார்கள். அவர் விழுந்த மறுநாளும் எண் ஒன்று கூடியது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. கேட்டுக்கு வெளியே நடந்தது கணக்கில் வராது என்பதுதான் விதி. எனக்கு அந்த விதியோடுதான் சண்டை.

சேஃப்டி டிரெய்னிங் எடுத்த எல்லோருக்கும் ஒரு முக்கோணம் தெரிந்திருக்கும். ஹைன்ரிச் என்ற அமெரிக்கர் 1931-ல் சொன்னது: ஒரு பெரிய விபத்துக்குப் பின்னால் 29 சிறு காயங்களும், காயமில்லாமல் தப்பித்த 300 சம்பவங்களும் இருக்கும் என்று. அந்த எண்கள் சரியா என்று பிற்பாடு நிறைய பேர் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். ஆனால் மயிரிழையில் தப்பித்ததை எழுதிவைத்தால் அடுத்த விபத்தைத் தடுக்கலாம் என்ற அடிப்படை எல்லாத் தொழிற்சாலையிலும் நிலைத்துவிட்டது. 'நியர் மிஸ்' கார்டு என்று வைத்திருப்பார்கள். எண்ணெய் சிந்தி வழுக்கப் பார்த்தேன் என்று ஒரு பையன் எழுதிப் போட்டால் அன்றே ஆள் போய்ப் பார்ப்பார். கேட்டுக்கு வெளியே தினமும் நடக்கும் நியர் மிஸ்களுக்குக் கார்டு கிடையாது.

அதே டிரெய்னிங்கில் இன்னொன்றும் சொல்லிக்கொடுப்பார்கள். ஆபத்தை முதலில் இல்லாமல் ஆக்கப் பார். முடியாவிட்டால் ஆபத்து குறைந்ததாக மாற்று. அதுவும் முடியாவிட்டால் தடுப்பு வை. பிறகு விதிமுறை போடு. ஹெல்மெட், கிளவுஸ், ஜாக்கெட் எல்லாம் கடைசி. ஆளிடம் 'ஜாக்கிரதையாக இரு' என்று சொல்வது பாதுகாப்பு ஆகாது என்பது அதன் சாரம். ரோட்டுக்கு வந்ததும் இந்தப் பாடத்தைத் தலைகீழாகப் பிடிக்கிறோம். சாலைப் பாதுகாப்பு வாரத்தில் நடப்பவர்களுக்கு நோட்டீஸ் கொடுக்கிறோம். ஓரமாகப் போங்கள், போன் பார்க்காதீர்கள், வெளிர் நிறச் சட்டை போடுங்கள். ஓரம் செய்து தருவது பற்றி அந்த நோட்டீஸில் எதுவும் இருக்காது.

"ஏங்க்கா, கொஞ்சம் ஓரமா போகலாமில்ல? டிரெய்லர் வருது பாருங்க" என்று நானே ஒரு ராத்திரி கேட்டிருக்கிறேன். கூட்டமாகப் போன பெண்களில் ஒருவர் திரும்பி, "ஓரத்துல லாரி நிக்குதே தம்பி, அதுக்கடியிலயா பூந்து போறது?" என்றார்.

ராத்திரி பத்து மணிக்கு பி ஷிப்ட் விடும் நேரத்தில் சிப்காட் ரோடுகளை ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் பத்தடி உயரக் காம்பவுண்ட் சுவர். ஒரு ஜன்னல் இருக்காது, ஒரு கடை இருக்காது. கம்பெனிகளுக்குள் பகல் மாதிரி வெளிச்சம், சுவருக்கு இந்தப் பக்கம் இருட்டு. தெருவிளக்கு ஒன்று எரிந்தால் இரண்டு எரியாது. பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, முன்னால் போகிறவரும் பின்னால் வருகிறவரும் செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு, டிபன் பையை மாரோடு பிடித்துக்கொண்டு நடப்பார்கள். ஓரத்தில் நிற்கும் லாரி வரிசைக்கு வெளிப்பக்கம், அதாவது ரோட்டு நடுவில். மார்கழி மாசத்தில் ஓசூரில் விடியற்காலைப் பனி இறங்கினால் ஆறு மணி ஏ ஷிப்டுக்கு வருகிறவர்கள் எதிரே வரும் வண்டியைச் சத்தம் கேட்டுத்தான் அறிகிறார்கள். பெண்களுக்கு வேலை கொடுக்கிறோம் என்று பெருமைப்படும் தொழில் பகுதி இது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். பாகலூரிலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் ஒரு பெண் ராத்திரி ஷிப்டுக்கு வருகிறாள் என்றால் அதற்குப் பின்னால் அவள் வீட்டில் எத்தனை பேச்சு நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பேச்சில் 'அந்த ரோட்டுல எப்படி வருவ?' என்ற கேள்வி கட்டாயம் இருந்திருக்கும். பல வீடுகளில் அந்தக் கேள்வியோடு வேலை ஆசை முடிந்துபோகிறது.

லாரிகளைக் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. டிரைவர்களிடம் பேசினால் கதை வேறு. சங்ககிரிக்காரர் ஒருவர், கம்பிச் சுருள் ஏற்றிவந்தவர், எங்கள் பக்கத்து ரோட்டில் வண்டிக்கு அடியில் படுதா விரித்துப் படுத்திருந்தார். "உள்ள கூப்பிடற வரைக்கும் இங்கதான் சார். எங்கள எங்க நிக்கச் சொல்றீங்க? டாய்லெட்டுக்கே பங்க்குக்கு நடந்து போயிட்டு வரேன்" என்றார். அவரும் அந்த நேரத்தில் நடக்கிற மனிதர்தான். சரக்கு இறக்க டோக்கன் வரும் வரை நாள் கணக்கில் காத்திருக்கும் வண்டிகளுக்குச் சிப்காட்டில் போதுமான இடம் ஒதுக்காமல் விட்டதால்தான் ரோட்டு ஓரமே லாரி யார்டு ஆகிவிட்டது. குளிக்க, சமைக்க, தூங்க வசதியோடு ஒரு லாரி நிறுத்துமிடம், முறை வரும்போது போனில் அழைக்கும் ஏற்பாடு. இது இரண்டும் வந்தால் நடைபாதைக்கு வேண்டிய இடத்தில் பாதி தானாகக் கிடைத்துவிடும். புதிதாக நிலம் எடுக்க வேண்டியதில்லை.

லாரி டிரைவர் சீட்டில் ஒருமுறை ஏறி உட்கார்ந்து பாருங்கள். நம் ஊரில் டிரைவர் வலதுபக்கம். இடதுபக்க முன் முனையில் நிற்கும் ஆள் அவர் கண்ணுக்குத் தெரியவே மாட்டார், கண்ணாடியில் பார்த்தால் ஒழிய. இடதுபக்கம் திரும்பி கேட்டுக்குள் நுழையும் டிரெய்லரின் முன்பாகம் விரிந்து போகும், பின்சக்கரங்கள் குறுக்காக வெட்டிக்கொண்டு வரும். நம் ஆட்கள் ஸ்லாபிலிருந்து இறங்கிக் கடப்பது சரியாக அந்த வெட்டில்தான். டிரைவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த இடத்தில் தப்பு நடக்கும்.

அதனால் கேட்டுகளிலிருந்து வேலையைத் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. நடைபாதை கேட்டுக்கு முன்னால் கீழே இறங்கக்கூடாது. அதே மட்டத்தில் நேராகப் போக வேண்டும். லாரிதான் சரிவில் ஏறி, அதைக் கடந்து, உள்ளே போக வேண்டும். அந்த ஏற்றமே லாரியின் வேகத்தைக் குறைத்துவிடும். திருப்பத்தின் வளைவை டிரெய்லருக்காக அகலமாக வைக்க வேண்டியிருக்கிறது, புரிகிறது. ஆனால் அந்த அகலத்தில் பைக்கும் காரும் பிரேக் தொடாமல் திரும்புகின்றன. வளைவின் உள்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்திக் கரடுமுரடான கல் பதித்துவிட்டால் டிரெய்லர் சக்கரம் ஏறிப் போகும், சின்ன வண்டிகள் சுற்றிக்கொண்டு மெதுவாகப் போகும். பெரிய செலவு இல்லை.

அளவுகளும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் நடப்பவர்களுக்கான வசதிகள் பற்றித் தனி வழிகாட்டியே வைத்திருக்கிறது, ஐ.ஆர்.சி. 103 என்று. அதன் 2012-ம் வருடப் பதிப்பில், தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம், உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று இருக்கிறது. 1.8 மீட்டர் என்றால் ஆறடி. எதிரெதிரே வரும் இரண்டு சக்கர நாற்காலிகள் ஒதுங்காமல் கடக்கலாம். நம் ஊரில் நடைபாதை போடும் இடங்களிலும் ஒரு அடி உயரத்துக்குத் தூக்கிக் கட்டிவிட்டு, நடுவில் ஈ.பி. கம்பமும் டிரான்ஸ்ஃபார்மரும் நட்டுவிடுகிறார்கள். அது நடக்க ஆகாது, பைக் ஏறாமல் இருந்தால் போதும் என்று கட்டியது.

வேகத்தைப் பற்றிப் பேசாமல் இதெல்லாம் முழுமையாகாது. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்போகும் விபத்துக்கான ஆபத்து நான்கு சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 60-ல் போகும் வண்டியின் மோதும் ஆற்றல் 30-ல் போகும் அதே வண்டியைப்போல் நான்கு மடங்கு. இது டிப்ளமோ முதல் வருட இயற்பியல். 2022-ல் நாட்டில் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். சிப்காட் உள் ரோடுகள் நேராக, நீளமாக, அகலமாக இருக்கின்றன. லாரி வராத நேரத்தில் அவை வண்டியை விரட்டச் சொல்லிக் கூப்பிடும். 30 என்று போர்டு நட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள். கேட்டுக் கடப்புகளை உயர்த்துவதும், நடுவில் கடக்கும் இடங்களை மேடாக்குவதும், வரிசையாக மரம் நடுவதும்தான் வேகத்தைக் குறைக்கும். மரம் என்றால் பூச்செடி இல்லை. புங்கன், வேம்பு, தூங்குமூஞ்சி. ரோட்டுப் பக்கம் கிளை விரிக்கும் மரம். ஓசூர் குளிர்ந்த ஊர் என்று பெயர்தான். மார்ச் பிறந்தால் இரண்டு மணி ஷிப்டுக்கு வருகிறவர்கள் காம்பவுண்ட் சுவரின் சூட்டை முகத்தில் வாங்கிக்கொண்டு நடக்கிறார்கள்.

இதையெல்லாம் சொல்லும்போது என் நண்பர்களே ஒன்று கேட்பார்கள். "இப்ப யாரு மச்சி நடக்கறா? எல்லார்கிட்டயும் வண்டி இருக்கு." ஓசூர் நாட்டுக்கே வண்டி செய்து கொடுக்கும் ஊர். டிவிஎஸ் வண்டி இங்கே தயாராகிறது, அசோக் லேலண்ட் லாரி இங்கே தயாராகிறது, எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டம்தான் இடம். வேலைக்குச் சேர்ந்த பையன் முதலில் வாங்குவது பைக் என்பதும் உண்மை. ஆனால் பைக் எதற்காக வாங்குகிறான்? பதினைந்து நிமிட நடைக்கு ஒரு வழி இல்லாததால் இஎம்ஐ போட்டு வாங்குகிறான். சம்பளத்தில் ஒரு பங்கு மூன்று வருடத்துக்குப் போய்விடுகிறது. 2022-ல் சாலையில் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தோடு ஓட்டுகிறவனுக்கு அது இன்னும் மோசம். நடக்க வழியும் பஸ்ஸும் இருந்தால் அவர்களில் எத்தனை பேர் வண்டி வாங்காமல் இருப்பார்கள் என்று என்னால் கணக்குச் சொல்ல முடியாது. வாங்கவும் வாங்காமலிருக்கவும் அவனுக்கு ஒரு வழி இருக்க வேண்டும்.

சட்டம் இந்த விஷயத்தில் நம்மைவிட முன்னால் போய்விட்டது. 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 32-வது பிரிவு தரை, படி, நடைவழி எல்லாம் உறுதியாகவும் தடங்கல் இல்லாமலும் இருக்க வேண்டும் என்றது. அது தொழிற்சாலைக்குள். ஆனால் 2010-ல் தொழிலாளர் காப்பீட்டுக்கான இ.எஸ்.ஐ. சட்டத்தில் 51-இ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போதும், வேலை முடிந்து திரும்பும்போதும் நேரும் விபத்து, நேரமும் இடமும் சூழ்நிலையும் வேலையோடு தொடர்புள்ளவை என்று காட்டினால், வேலையில் நேர்ந்த விபத்தாகவே கருதப்படும் என்றது அது. சர்க்கரை ஆலைக்கு ராத்திரிக் காவலுக்குப் போகும் வழியில் 2003-ல் இறந்துபோன மகாராஷ்டிர வாட்ச்மேன் ஒருவரின் வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதே பார்வையை 1923-ம் வருட இழப்பீட்டுச் சட்டத்துக்கும் பொருத்தியது. அதே வருடம் மே மாதத்தில், கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், பயன்படுத்தும் நிலையில் உள்ள நடைபாதை அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் உரிமையின் ஒரு பகுதி என்றது.

எங்கள் ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கு இந்த 51-இ பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை. அவரது காண்ட்ராக்டர் முதலில், "கேட்டுக்கு வெளிய விழுந்ததுக்கு நாங்க என்ன பண்றது" என்றுதான் சொன்னார். யூனியன் அனுபவம் உள்ள ஒரு பெரியவர் உட்கார்ந்து எழுதிக்கொடுத்து, பஞ்ச் அடித்த நேரத்தையும் ஆஸ்பத்திரியில் சேர்த்த நேரத்தையும் இணைத்து, ஆக்சிடென்ட் ரிப்போர்ட் போடவைத்தார். லீவு நாட்களுக்குப் பணம் வந்தது. இதைப் படிக்கிறவர்களில் யாராவது சிப்காட்டில் காண்ட்ராக்டில் இருந்தால் இதை நினைவில் வையுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் வழியில் விழுந்ததும் உங்கள் கணக்கில் வரும். நேரத்தையும் இடத்தையும் அன்றே எழுதிவையுங்கள், கூட வந்தவர் பெயரோடு.

யார் செய்ய வேண்டும் என்று கேட்டால்தான் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுகிறார்கள். தேசிய நெடுஞ்சாலை 44 ஒரு ஆணையத்தின் கையில். உள் ரோடு சிப்காட். அதைத் தாண்டிக் குடியிருப்புக்குப் போகும் தெரு மாநகராட்சி அல்லது ஊராட்சி. கம்பம் மின்வாரியம். நடந்துபோகும் ஒரு பெண் இருபது நிமிடத்தில் இத்தனை எல்லைகளையும் கடந்து விடுகிறாள், எந்த இடத்தில் எது முடிந்தது என்று அவளுக்குத் தெரியத் தேவையும் இல்லை. ஒரு அலுவலகம் பொறுப்பெடுத்து, பஸ் ஸ்டாப்பிலிருந்து கேட் வரை ஒரே வழியாகப் பார்த்து வேலை செய்தால்தான் நடக்கும். பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு 2013-லிருந்து தனி டவுன்ஷிப் அத்தாரிட்டி உண்டு. அங்கே வசூலாகும் சொத்து வரியில் பெரும்பங்கு அங்கேயே ரோட்டுக்கும் விளக்குக்கும் செலவாகிறது. அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டி அரை மணி நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அங்கே இருப்பது ஐ.டி. கம்பெனிகள், இங்கே உற்பத்தி என்று சொல்வார்கள். உற்பத்தித் தொழிலாளியின் காலும் அதே கால்தான்.

கம்பெனிகளும் சும்மா இருக்க வேண்டியதில்லை. 2013-ம் வருடக் கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் மூன்று வருட சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்கு, அதாவது சி.எஸ்.ஆர். வேலைகளுக்கு, செலவிட வேண்டும். சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படுவது அதில் சேராது. ஆனால் பொது ரோட்டில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், பள்ளிப் பிள்ளைகளும் சேர்த்து. அந்தப் பணத்தை இதற்கும் கொண்டுவர வழி உண்டா என்று ஆடிட்டரிடம் கேட்டாவது பார்க்கலாம். சி.எஸ்.ஆர். தலைப்பே வேண்டாம் என்றாலும் தன் காம்பவுண்ட் சுவரின் நீளத்துக்கு வெளிப்பக்கம் விளக்குப் போட எந்த நிறுவனத்துக்கும் பெரிய பணம் ஆகாது. செக்யூரிட்டி கேபினை ரோட்டைப் பார்த்தபடி ஒரு ஜன்னலோடு வைத்தால் அந்த இடத்தில் ராத்திரி நடப்பவருக்கு ஒரு மனிதக் கண் கிடைக்கிறது. ஒரு டீக்கடையை விரட்டாமல் விட்டாலும் அதே பயன். டீக்கடை இருக்கும் திருப்பத்தில் பெண்கள் நடையை எட்டிப் போடாமல் இயல்பாகப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

நெடுஞ்சாலையைக் கடப்பது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம். ஜூஜூவாடியிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் நடுத்தடுப்பில் எங்கெல்லாம் ஆள் நுழையும் அளவுக்குச் சந்து இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு பஸ் ஸ்டாப்போ கம்பெனியோ இருக்கும். மக்கள் கடக்க வேண்டிய இடத்தை மக்களே காட்டியிருக்கிறார்கள். அந்தச் சந்துகளைக் கம்பி வைத்து அடைக்கிறார்கள், அரை கிலோமீட்டர் தள்ளி இரும்புப் பாலம் கட்டுகிறார்கள். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்தவர் இரண்டு மாடி உயரம் ஏறி இறங்க மாட்டார். கடக்கும் இடத்திலேயே சிக்னலோ, ரோட்டுக்கு அடியில் வெளிச்சமான அகலச் சுரங்கவழியோ வேண்டும்.

பழைய சிப்காட்டைத் திருத்துவது கஷ்டமான வேலை, ரோடு ரோடாகத்தான் முடியும். எனக்கு இப்போது அவசரமாகப் படுவது எங்கள் தர்மபுரி. தடங்கம், அதியமான்கோட்டை பக்கம் வருகிற சிப்காட்டுக்காக ஊரில் எல்லோரும் காத்திருக்கிறோம். பிள்ளைகள் ஓசூருக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய் ரூம் எடுத்துக் கிடக்காமல் வீட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகலாம் என்ற ஆசை. அங்கே மனைகள் பிரித்துக் கொடுத்து, சுவர் எழும்பிவிட்டால் பிறகு ஆறடி இடத்துக்கும் வழக்குப் போட வேண்டியிருக்கும். வரைபடத்திலேயே ஒவ்வொரு ரோட்டுக்கும் இரண்டு பக்கமும் ஆறடி நடைபாதை, லாரிக்குத் தனி யார்டு, டவுன் பஸ் உள்ளே வந்து திரும்ப இடம், கேட்டுக்குக் கேட் மட்டம் மாறாத வழி என்று இருக்கிறதா என்று யாராவது கேட்க வேண்டும். நான் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் சிப்காட் தலைமையகத்துக்கும் மனு எழுதியிருக்கிறேன். நல்லம்பள்ளி, பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து நண்பர்கள் உங்கள் கிராமசபையில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர முடிந்தால் நன்றாக இருக்கும். மனுவின் நகல் வேண்டுமென்றால் அனுப்பிவைக்கிறேன். உங்கள் ஊர்ப் பஸ் எந்த இடத்தில் நிற்கிறது, அங்கிருந்து ஆட்கள் எந்த வழியாக நடப்பார்கள் என்பதை மட்டும் நீங்களே நடந்து பார்த்து எழுதிச் சேர்த்துவிடுங்கள்.